கொல்லன் சேமகனும் ஒரு பேனாக்கத்தியும்

கையால் செய்த மடக்குக்கத்திகளைச் சேகரிக்கும் ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தபால்தலை, பழைய நாணயம் மாதிரி இதுவும் ஒரு பித்து.

இவர்கள் கடைக்குப் போய் "நல்ல கத்தியா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்க மாட்டார்கள். ஒரு கொல்லரின் வேலை பிடித்துப்போனால் அவர் செய்ததைத்தான் வாங்குவார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அலகு என்ன எஃகு, பிடி மரமா எலும்பா, விரித்தால் எப்படிப் பூட்டிக்கொள்கிறது, எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்.

"யார் செஞ்சது?"

அலகின் அடியில் செய்தவரின் முத்திரை இல்லையென்றால் அவர்கள் மனசு ஒட்டாது. விலையும் இறங்கிவிடும்.

இதே கேள்வியை நம்ம ஊர் எஃகைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் வரும்? அதுதான் இந்த த்ரெட். 1790களின் லண்டனில் ஆரம்பித்து மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் முடியும். நடுவில் வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள், அதனால்தான் எனக்கே இதில் இவ்வளவு ஆர்வம். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒரு விஷயம். மடக்குக்கத்தி என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, கூரெழுத்தாணி என்று பல வகை உண்டு. மடக்கெழுத்தாணியில் ஓலையில் கீறி எழுத ஒரு கூர்முனை, ஓலையை நறுக்கி விளிம்பைச் சீராக்க ஒரு சின்னக் கத்தி. வேலை முடிந்ததும் பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொண்டு போகலாம். கணக்கப்பிள்ளைக்கும் புலவருக்கும் வைத்தியருக்கும் அதுதான் பேனா.

ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்தது பேனாக்கத்தி. பறவை இறகைச் சீவி எழுதிய காலம் அது. இறகு மழுங்க மழுங்கச் சீவ வேண்டும். அதற்கு வைத்திருந்த சின்னக் கத்திக்குத்தான் அந்தப் பெயர்.

அந்தக் காலத்து டாக்டர் சட்டைப்பையிலும் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. பெயர் லேன்சட். ஆமையோட்டில் செய்த 2 தகடுகளுக்கு நடுவே மடங்கி உட்காரும் சின்ன அலகு. நாளத்தைக் கீறி ரத்தம் எடுக்க, கட்டி உடைக்க, பிற்பாடு அம்மைப்பால் குத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். 1823ல் தாமஸ் வேக்லி ஆரம்பித்த மருத்துவ இதழுக்கு 'லேன்சட்' என்று பெயர் வைத்ததும் இதை நினைத்துத்தான்.

இப்ப யோசிங்க. மயக்க மருந்து கிடையாது. அதன் காலம் 1840களில்தான் வருகிறது. லேன்சட் மழுங்கலாக இருந்தால் நாளம் நழுவும், தோல் கிழியும், நோயாளி அலறுவார். அறுவைக்காரனுக்குக் கத்தியின் கூர் என்பது நோயாளி படும் வேதனையின் அளவு. அதனால்தான் நல்ல எஃகு எங்கே கிடைக்கும் என்று அந்தக் கால டாக்டர்கள் அலைந்தார்கள்.

கதை இங்கேதான் நம்ம பக்கம் திரும்புகிறது.

பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக இருந்தவர் ஹெலெனஸ் ஸ்காட். லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் தொடர்ந்து கடிதம் எழுதுவார். இந்தியாவில் கண்புரைக்கு எப்படி அறுவை செய்கிறார்கள், அறுபட்ட மூக்கை எப்படித் திரும்ப ஒட்டவைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில் வரும். கூடவே ஒரு வகை எஃகின் மாதிரியையும் அனுப்பினார். அதன் பெயர் 'ஊட்ஸ்'.

என்ன பெயர் இது? கன்னடத்தில் எஃகுக்கு உக்கு. தமிழில் உருக்கு. அந்தச் சொல்தான் ஆங்கிலேயர் வாயிலும் கையெழுத்திலும் பட்டு ஊட்ஸ் ஆனது என்பது பரவலான கருத்து.

அந்த மாதிரியைச் சோதித்தவரும் ஒரு டாக்டர்தான். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஜார்ஜ் பியர்சன். ஜென்னர் காலத்து அம்மைத் தடுப்பூசி வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். 1795 ஜூனில் அவர் ராயல் சொசைட்டியில் ஊட்ஸ் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதில் வரும் ஒரு சம்பவம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பேங்க்ஸ் அந்த எஃகுத் துண்டில் தனக்கு ஒரு பேனாக்கத்தி செய்துதரச் சொல்லியிருக்கிறார். செய்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். லண்டனில் சவரக்கத்தியும் அறுவைக் கருவியும் செய்வதில் பேர்போனவர். இன்றைய சேகரிப்பாளர் மொழியில் சொன்னால், பிடித்தமான மேக்கரிடம் கொடுத்த ஸ்பெஷல் ஆர்டர்!

ஸ்டோடார்ட் திணறித்தான் போனார். ஐரோப்பிய இரும்பைப் போல நன்றாகக் காய்ச்சி அடித்தால் ஊட்ஸ் நொறுங்கும். மங்கிய சிவப்பில் வைத்துப் பொறுமையாக அடிக்க வேண்டும். அடித்து முடித்துப் பதம் ஏற்றிப் பார்த்தபோது, கூர் அங்கிருந்த சிறந்த எஃகுக் கத்திக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இங்கிலாந்தில் புழங்கும் எந்த எஃகைவிடவும் இது பல வேலைகளுக்கு மேல், லேன்சட் போன்ற அறுவைக் கருவிகளுக்கு இது தனிச் சிறப்பு என்பது அவருடைய அபிப்பிராயம். பியர்சன் அதை அப்படியே கட்டுரையில் பதிவு செய்தார். பிறகு ஸ்டோடார்ட் தன் கடை விளம்பர அட்டையிலேயே ஊட்ஸின் பெருமையைப் போட்டுக்கொண்டார்.

கதை அதோடு நிற்கவில்லை. இதே ஸ்டோடார்ட் பிறகு ஓர் இளைஞனோடு சேர்ந்து எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த இளைஞன் ஒரு கொல்லரின் மகன். பெயர் மைக்கேல் ஃபாரடே. ஆமாங்க, நம்ம ஸ்கூல் புத்தகத்து ஃபாரடேதான். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிப்பதற்குச் சுமார் 10 வருடம் முன்பு, ஊட்ஸின் ரகசியம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று எதையெதையோ கலந்து பார்த்தார்கள். 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியாயின. தன் கலப்பு எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். அதுவும் மடக்குகிற கத்திதான்!

அவர் விட்டுச்சென்ற பெட்டியிலிருந்த 79 மாதிரிகளை 1931ல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் மறுபடி எடுத்து ஆராய்ந்து புத்தகமே போட்டார்.

சரி, இத்தனை பேரை அலையவிட்ட அந்த எஃகை நம்ம ஆட்கள் எப்படிச் செய்தார்கள்?

சேலம் பக்கத்து முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் 1839ல் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு முன்பே, தரங்கம்பாடிக்கு மிஷன் வேலையாக வந்து பிறகு கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்த பெஞ்சமின் ஹெய்ன் 1814ல் எழுதினார். மைசூர்ப் பக்கத்து முறையை டாக்டர் ஃபிரான்சிஸ் புக்கானன் 1807ல் வெளியான பயண நூலில் எழுதினார்.

ஹீத் சொல்வது சுருக்கமாக இது. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி ஒரு களிமண் குகைக்குள் வைக்க வேண்டும். குகை என்றால் தட்டார் பொன் உருக்கும் மூசை மாதிரி. கூடவே எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் காய்ந்த ஆவாரங்கட்டையைச் சீவிப் போட வேண்டும். மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். இப்படி 20க்கும் மேற்பட்ட குகைகளை ஓர் உலையில் அடுக்கி, துருத்தி போட்டு இரண்டரை மணி நேரம் ஊத வேண்டும். ஆறிய பிறகு குகையை உடைத்தால் உள்ளே ஒரு சின்ன எஃகுக் கட்டி.

ஆவாரையும் எருக்கும்! சர்க்கரை நோயாளிகள் "ஆவாரம்பூ டீ குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிற அதே ஆவாரை.

இதன் வேதியியல் இப்போது தெரியும். மூடிய குகைக்குள் கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்குகிறது. கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை குறையும். அதனால் முழுசாக உருகி, கசடு பிரிந்து, சுத்தமான எஃகாக உறைகிறது. அதில் கார்பன் சுமார் 1.5 சதவீதம். அப்புறம் கொல்லன் மங்கிய சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போது கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நின்று, நீரோட்டம் மாதிரி ஒரு கோலம் அலகில் தெரியும். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியது இதைத்தான். ஃபாரடேவுக்குப் பிடிபடாத ரகசியத்துக்கு அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கனிமத்தில் இருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறிய அளவுதான் அந்தக் கோலத்துக்குக் காரணம் என்று 1998ல் எழுதினார்கள். பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் கொல்லர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

இடையில் ஒரு எச்சரிக்கை. இன்று ஆன்லைனில் 'டமாஸ்கஸ்' என்று விற்கும் மடக்குக்கத்திகள் பெரும்பாலும் வேறு ரகம். 2 வகை எஃகை அடுக்கடுக்காக ஒட்ட அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோலத்தை வெளியே கொண்டுவருவது. அதிலும் அருமையான வேலை உண்டு. ஆனால் குகையில் உருக்கிய எஃகு அது இல்லை. விலை கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்ப அந்தச் சேகரிப்பாளரின் கேள்விக்கு வருவோம். யார் செஞ்சது?

1795 பேனாக்கத்திக்கு என்ன பதில்? அனுப்பியவர் ஸ்காட். சோதித்தவர் பியர்சன். கேட்டவர் பேங்க்ஸ். அடித்தவர் ஸ்டோடார்ட். எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, பிறந்த வருடம் இறந்த வருடம் இருக்கிறது.

அந்த எஃகை உருக்கியவர்? இல்லை. ஊர்கூட இல்லை. பியர்சனின் கட்டுரைத் தலைப்பிலேயே 'பம்பாயில் செய்யப்படும்' எஃகு என்றுதான் போட்டிருக்கிறது. பம்பாய் கப்பல் ஏறிய துறைமுகம். உலைகள் எரிந்தது மைசூரிலும் சேலத்திலும் கோல்கொண்டாப் பக்கத்திலும்.

எங்கள் தொழிலில் இதை யோசித்துப் பாருங்கள். ஓர் ஆபரேஷன் நோட்டில் சர்ஜன் பெயர், உதவியவர் பெயர், மயக்கம் கொடுத்தவர் பெயர், ஸ்டாஃப் நர்ஸ் பெயர் எல்லாம் இருக்கும். மூட்டு மாற்றினால் அந்த உலோகத் துண்டின் கம்பெனி, பேட்ச் நம்பர் எல்லாம் உள்ள ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். 10 வருஷம் கழித்து ஏதாவது பிரச்சினை என்றால் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டுமே. யார், எங்கே, எதிலிருந்து என்பது எழுதப்படாத இடத்தில் அறிவு அடுத்த ஆளுக்குப் போகாது. ஊட்ஸுக்கு நடந்தது இதுதான். உருக்கும் கை நின்றதும் கைப்பக்குவமும் போய்விட்டது. அதை மறுபடி பிடிக்க அமெரிக்காவில் ஒரு கொல்லரும் ஒரு பேராசிரியரும் வருடக்கணக்கில் உலை மூட்ட வேண்டியிருந்தது.

பெயர் தொலைந்ததற்கு இன்னொரு சாட்சி தஞ்சாவூர். 1855ல் கடைசி மராட்டிய மன்னர் இறந்ததும் ராஜ்யம் கம்பெனி கைக்குப் போனது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்த வாளும் ஈட்டியும் கட்டாரியும் 1860களில் பிரிக்கப்பட்டன. நல்லதாகச் சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தப்பிய தஞ்சாவூர்க் கட்டாரிகள் சிலவற்றில் பிடி நம்மூர் வேலை, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட அலகுகளில் ஆந்திரியா ஃபெராரா என்ற ஐரோப்பியப் பட்டறைப் பெயர் பொறித்ததும் உண்டு. அவ்வளவு நுணுக்கமாகப் பிடி செய்த நம்ம கொல்லர் பெயர் அதில் இல்லை.

(அந்த எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851ல் தொடங்கிவைத்த எட்வர்ட் பால்ஃபோரும் ஒரு டாக்டர்தான். சேகரிக்கும் வியாதி எங்கள் தொழிலுக்குப் புதுசில்லை!)

ஹீத்தின் கதையும் இதே பாடம்தான். மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் புதுச்சேரி, கடலூர் தாண்டிப் பரங்கிப்பேட்டை வரும். 1830ல் அங்கே பெரிய இரும்பு ஆலை வைத்தவர் இவர். அது லாபமாக ஓடவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் முறையைச் சற்றே மாற்றிக்கொண்டு, பணம் கொடுக்காமல் தப்பித்தார்கள். வருடக்கணக்கில் கோர்ட், கேஸ். 1851ல் அவர் இறக்கும்வரை முடியவில்லை. காகிதத்தில் பெயர் பதிந்த வெள்ளைக்காரருக்கே இந்த நிலை என்றால், சேலத்துக் காட்டோரம் துருத்தி ஊதியவருக்கு?

"அப்ப நம்ம ஊர்ல எப்பவுமே கொல்லன் பேரை யாரும் எழுதலையா டாக்டர்?"

எழுதியிருக்கிறார்கள். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இரும்பு பழைய சமாச்சாரம். மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950லும் 1952லும் பெருங்கற்கால ஈமக்குழிகளைத் தோண்டியபோது, செத்தவரோடு வைத்துப் புதைத்த இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் கிடைத்தன. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 7, 8ஆம் நூற்றாண்டுகளில், அதே வட்டாரத்துக் கடலோரத்தில் பல்லவர்கள் பாறையைக் கோயிலாக்கினார்கள்.

மாமல்லபுரத்துக்குப் போனால் எல்லோரும் சிலையைப் பார்ப்போம். ஒரு தடவை முடிக்காமல் விட்ட வேலைகளைப் பாருங்க. வலையன்குட்டை ரதம், பிடாரி ரதம் போங்க. உளி பட்ட தடம் பாறையில் அப்படியே இருக்கும். அந்தக் கல் லேசுப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் செதுக்கினாலே உளிமுனை மழுங்கும். மழுங்கியதை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். பதம் கூடினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். சிற்பி ஒருவர் செதுக்க, அவருக்குப் பின்னால் ஓர் உலை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கார்பைடு முனை வந்த பிறகும் அந்த ஊர்ச் சிற்பிகளுக்குப் பதம் தெரிந்த கை எது என்று தெரியும்.

மாமல்லபுரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டரில் பூஞ்சேரி. அங்கே ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். சாதமுக்கியன். கலியாணி. திருவொற்றியூர் அபாஜர். மாமல்லபுரத்தில் கல்வேலை செய்தவர்களின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த வரிசையில் இன்னொரு பெயர். கொல்லன் சேமகன்.

பெருந்தச்சன் பெயர் இருக்கும் அதே பாறையில், உளி அடித்துக் கொடுத்தவன் பெயர். ராஜா பெயரைப் போட ஆயிரம் கல்வெட்டு இருக்கு. இந்த ஒரு பாறை, "யார் செஞ்சது?" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ராயல் சொசைட்டியின் 1795 கட்டுரையில் விட்டுப்போன அந்த ஒரு வரியை, அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே பூஞ்சேரியில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் நாம்தான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்கிறோம். ஊர்ப் பெயர் நிற்கிறது, அடித்தவர் பெயர் நிற்கவில்லை. நான் தியேட்டரில் கையில் எடுக்கும் பிளேடுக்கும் 11, 15, 22 என்று நம்பர்தான்.

ஆகவே உங்களிடம் 3 விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. வீட்டில் தாத்தா காலத்து எழுத்தாணியோ கத்தியோ இருந்தால் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்தப் பட்டறை என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கட்டி வையுங்கள்.

இரண்டு. 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் வருட தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 75 வருடம். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "நல்ல விலை தர்றேன், பார்சல் பண்ணுங்க" என்று யாராவது மெசேஜ் போட்டால் சிக்கிக்காதீங்க.

மூன்று. புதுக் கத்தி சேகரிக்க ஆசை இருந்தால், இங்கே பட்டறை வைத்திருக்கும் கொல்லரிடம் சொல்லிச் செய்யுங்கள். நேரம் கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். அலகின் அடியில் அவர் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படுவார். "எதுக்கு சார் அதெல்லாம்" என்பார். விடாதீங்க.

அவ்வளவு ஏன், அடுத்த தடவை அரிவாள்மனைக்குச் சாணை பிடித்துக் காசு கொடுக்கும்போது, "உங்க பேரு என்னங்கண்ணா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.